கழி

அக்டோபரில், பனி விழுமுன்,
சாலையோரம் கழி நடுவது எங்கள் வேலை.
ஆளுயரத்துக்கு மேல், மெலிந்த கழி,
உச்சியில் ஒளிரும் பட்டை.
பனி மூடிவிட்டால் சாலை என்று ஒன்று இல்லை.
இரண்டு கழிக்கு நடுவே இருப்பதைச் சாலை என்று நம்பி
வண்டியைச் செலுத்துவேன்.
குவாலாய்யா தீவில் ஒன்பது குளிர்காலம் இப்படி.

இந்த வருஷம் பாதி நட்டிருந்தோம்.
பனிக்கு முன்னால் பனிக்குடம் உடைந்தது.

இருபத்தைந்து வாரம். எழுநூற்றுப் பத்து கிராம்.
ஒரு ரொட்டியின் கனம் என்றான் அஸ்லாக்,
சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டிசம்பர். நாளெல்லாம் இரவாய் இருக்கும் த்ரும்ஸோவில்
கண் மருத்துவர் மாரெட் உட்சி
என் மகளின் விழித்திரையைத் திரையில் காட்டினாள்.
நடுவிலிருந்து கிளம்பிய செந்நூல்கள்
பாதி வழியில் நின்றிருந்தன.
நட்சத்திர வடிவச் செல்கள் முன்னே போகும்,
நாளங்கள் அவற்றைப் பிடித்துப் பின்னே போகும் என்றாள்.
"கழி" என்றேன்.
"என்ன?"
"ஒன்றுமில்லை, சொல்லுங்கள்."

முனையில் ஒரே ஒரு செல்.
மேலெல்லாம் ஏற்பிகள்.
விரல் விரலாய் நீட்டி
எங்கே பசி, எங்கே பசி என்று துழாவிப் போகிறது.
பக்கத்துச் செல்லைத் தொட்டுச் சொல்கிறது:
நான் போகிறேன், நீ வராதே,
நீ குழாயாகு.
அதுவும் தன் காதுகளைப் பாதி மூடிக்கொண்டு
அடங்கி நிற்கிறது.
எல்லாரும் முன்னே ஓடினால் பாதை ஏது,
நெரிசல்தான்.

தரையும் சும்மா கிடக்கவில்லை.
எழுந்த கூவலைச் சிதறவிடாமல்
தன் நாரில் பிடித்துவைக்கிறது திசு,
பசிக்குக் கிட்டே அடர்த்தியாய், எட்டத்தில் இலேசாய்.
ஓரிடத்தில் கால் ஊன்றக் கொடுக்கிறது.
ஓரிடத்தில் கொடுப்பதில்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும்.
அழுத திசு குருதி குடிக்கும்.
என் பிள்ளை அழவில்லை, தொண்டையில் குழாய்.
பக்கத்து அறையில் இயந்திரம் கறந்த பாலுக்கு
என் பெயர் எழுதி உறையவைத்தேன்.
அவளுக்குப் பெயர் இல்லை இன்னும்.

ஆக்சிஜன் தாராளமாய்ப் போன வாரங்களில்
கண்ணும் அழவில்லை.
நிறைந்த வயிறு யாரைக் கூப்பிடும்?
பிறகு நுரையீரல் தேறியது, ஆக்சிஜனைக் குறைத்தார்கள்,
நல்ல செய்தி என்று காபி குடித்தோம்.
அந்த நல்ல செய்தியில்தான் கண் விழித்துக்கொண்டு
ஓலமிட்டது.

ஓலத்தைக் கேட்டு எல்லா முனையும் ஒன்றாய்ப் பாய
எல்லையில் மேடு கட்டியது.
மேட்டிலிருந்து தரையை விட்டெழுந்து
கண்ணின் நடுவெளிக்குள் வளரத் தொடங்கின.
எனக்கு அது தெரியும்.
முந்தின வருஷம் புயல் கழிகளைப் பிடுங்கிய இரவில்
நாற்பது மீட்டர் ஏரிமேல் ஓட்டியிருக்கிறேன்,
சாலை என்று நினைத்து.

ஊசி மருந்து ஒரு துளியில் ஒரு துணுக்கு.
நாளத்தை அது வெட்டாது.
கூவலை வழியிலேயே மடக்கிக்கொள்ளும்,
ஏற்பியைத் தொடவிடாமல்.
"அழுகிறவள் வாயைப் பொத்துவதா?"
"கொஞ்ச நாள்."
"அப்புறம்?"
"மெதுவாக அழுவாள். அப்படித்தான் நினைக்கிறேன்."
சம்மதத் தாளில் குழந்தையின் பெயருக்கு ஒரு கோடு.
பேனா காத்திருந்தது.
ராக்னா என்று எழுதினேன், அஸ்லாக்கைக் கேட்காமல்.

சூரியன் திரும்பும் நாளில் மேகம்.
யாரும் எதையும் பார்க்கவில்லை.
சமையலறை மட்டும் வழக்கம்போல்
ஜாம் வைத்த பன் அனுப்பியது.
திரையில் மேடு தணிந்திருந்தது.
அதைத் தாண்டி ஐந்தாறு இழைகள்,
மயிரிழைக்கும் மெலிதாய்.
அவற்றுக்கு அப்பால் வெறும் வெளுப்பு.
"அங்கே கழி இருக்கிறதா?"
இந்த முறை மாரெட் என்னவென்று கேட்கவில்லை.
"வியாழக்கிழமை பார்ப்போம்" என்று
விளக்கை அணைத்தாள்.

இரவு பனி கொட்டியது.
என் வண்டியை யாரோ ஓட்டிக்கொண்டிருப்பார்கள்,
பாதி வழி வரை நான் நட்டவற்றைப் பார்த்து,
மீதி வழி
யாரோ நட்டவற்றைப் பார்த்து.