நாயைப் பிடியுங்கள்

வேலிக்கு வெளியே நின்று அதைத்தான் கத்த வேண்டும்.
இந்த ஊரில் வணக்கமே அதுதான்.
பிறகுதான் கேள்வி:
கடந்த ஓராண்டில் தலைவலி வந்ததுண்டா?

இல்லை என்கிறார் லாரி ஓட்டும் ஷாரவ்.
அடுப்படியிலிருந்து மனைவி சிரிக்கிறாள்:
ஞாயிறுதோறும் கம்பளியைத் தலையில் சுற்றி
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பது யாராம்?
அதெல்லாம் தலைவலியா, என்கிறார்.
அது ஞாயிற்றுக்கிழமை.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

உலான்பாத்தரின் வடமேட்டில்
நாலு மணிக்கே நிலக்கரிப் புகை கூடாரங்கள்மேல் படுத்துவிடும்.
பேனா மை உறைகிறது.
அக்குளில் வைத்துச் சூடாக்கி எழுதுகிறேன்.

பள்ளிச் சமையல்காரி யான்ஜ்மா
மாதத்தில் ஒன்பது நாள் என்றாள்.
விரல்விட்டு மறுபடி எண்ணி, தானே பயந்து,
ஏழு என்று போடச் சொன்னாள்.
ஒரு பையன், பன்னிரண்டு வயது,
வலிக்கு முன்னால் எழுத்துகளின் நடுவே
ஓட்டை விழும் என்றான்.
அவன் அம்மா தேநீர் ஊற்றுவதை நிறுத்தினாள்.

மருத்துவரிடம் போனீர்களா?
இதற்குப் போயா!

நாற்பத்தொரு வீடு.
ஆம் என்றவை முப்பத்து மூன்று.
மிச்ச எட்டில் ஷாரவ் வீடு ஒன்று,
நாய் உள்ளே விடாத வீடு ஒன்று.

பேருந்தில் ஜன்னல் கண்ணாடிமேல்
நெற்றியை வைத்துக்கொள்கிறேன். குளிர் இதம்.
எதிர் இருக்கையில் ஒருத்தி
இரு விரலால் நெற்றிப்பொட்டை அழுத்தியபடி
என்னைப் பார்க்கிறாள்.
காலடிப் பையில் இன்னும் ஒரு படிவம் இருக்கிறது.
எடுக்கக் குனிந்தால்
வலி கூடும்.