மூன்று புள்ளிகள்

தேன்கனிக்கோட்டையிலிருந்து
மெழுகில் உறைந்த சதைத்துணுக்கு ஒன்று வந்தது.
சீட்டில் ‘கெமபமமாள’.
யாரோ அவசரக்காரர், புள்ளியே வைக்கவில்லை.

ஓசூரில் ராத்திரி ஷிப்ட் பஸ்கள் போய்க்கொண்டிருக்க
பைசல்பைட்டில் ஊறப்போட்டேன்.
விடிகாலையில் வாசித்தால்
டி ஆகியிருக்க வேண்டிய சி எல்லாம்
சி சி சி என்றே நிற்கின்றன,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மெத்தில்.

ஓர் எழுத்தும் உடையவில்லை.
கட்டியை அடக்கும் மரபணு
முழுசாகத்தான் இருக்கிறது,
பேசமாட்டேன் என்கிறது.

ஒண்ணாம் வகுப்புப் பாடம்தான்:
‘க’ தலையில் புள்ளி விழுந்தால் ‘க்’.
உயிர் போய்
மெய் மட்டும்.

ரிப்போர்ட்டில் பெயரைத் திருத்தச் சொன்னார்
ஹேமலதா மேடம்.
மூன்று புள்ளி, அவ்வளவுதான்.

பேனாவைத் திறந்து
முதல் ‘ம’வின் மேல்
வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.