தாழ்ப்பாள்

எங்கள் பள்ளிக்கும் அரிசி மில்லுக்கும் நடுவில்
ஒரே ஒரு சுவர்.
புதுவயலில் அது ஒன்றும் அதிசயமில்லை.
அந்தப் பக்கம் நெல் வேகும்,
இந்தப் பக்கம் நாங்கள்.
உமித்தூசிக்கு மட்டும் இரண்டு பக்கமும் அனுமதி.

சனிக்கிழமை பேச்சுப் பயிற்சி.
காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வரும் ரெஹானா மிஸ்
முதல் நாளே சொல்லிவிட்டார்:
"ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவுல
'வந்து' வரக் கூடாது."

எண்ணுவதற்கு என்னை உட்கார வைத்தார்கள்.
ஒரு 'வந்து'வுக்கு ஒரு புளியங்கொட்டை.
சில்வர் டம்ளரில்
டிங்.
பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவு
வந்து வந்து வந்து என்று
எங்கிருந்தோ கிளம்பி
எங்கேயும் போய்ச் சேராமல் இருந்தது.
தருணேஷ் ஒருத்தனுக்கே நாற்பத்தொன்று.
தலைப்பு, விண்வெளியில் இந்தியா.
இரண்டு நிமிடத்தில் ராக்கெட் கிளம்பவே இல்லை.

பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிச் சீட்டு எடுக்க வேண்டும்.
கொப்புடையாளுக்கு விழுந்தது
நேர மேலாண்மை.
பதிவேட்டில்தான் கொப்புடையாள், எங்களுக்குக் கொப்பு.
ஒரு வாரம் உருப்போட்டாள்.
எங்கே நின்று உருப்போட்டாள் என்று
நான் யோசிக்கவில்லை.
பக்கத்தில்தான் இருந்தேன்.

மேடை என்பது கரும்பலகைக்கு முன்னால்
அரை அடி உயரச் சிமெண்ட்.
ஏறினாள், வணக்கம் சொன்னாள், கத்தினாள்.
மில்லுக்கு மேலே கத்தித்தான் ஆகவேண்டும்,
ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான்.
எங்களில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது.
கல்யாண வீட்டில் நாங்கள் ரகசியம் சொன்னால்
பந்தியே திரும்பிப் பார்க்கும்.

"காலம் பொன் போன்றது!
ஒரு நாளைக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு நொடிகள்!"

மில் நின்றது.
கரண்ட் போயிருக்க வேண்டும்.
பெல்ட் சுற்றிச் சுற்றி ஓய்கிற சத்தம்,
பிறகு அதுவும் இல்லை.
'நொடிகள்' மட்டும் தனியாக
ஓட்டுக் கூரைக்குக் கீழே மாட்டிக்கொண்டது.
அவள் குரல் அவளுக்கே கேட்டுவிட்டது.
உருப்போட்டதெல்லாம்
மில்லோடு சேர்ந்து நின்றுபோனது.

"வந்து" என்றாள்.

கொட்டை என் விரலிடுக்கில் இருந்தது.
போடவில்லை.
போட்டால் அந்தத் தெருவுக்கே கேட்கும்.

"பொம்பளப் பிள்ளைக பாத்ரூம்ல தாழ்ப்பா இல்ல.
ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய
கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்.
இடைவேளை பத்து நிமிசம்.
நாந்தான் பிடிக்கிறவ. எனக்குக் கை நீளம்.
இந்தப் பேச்சை அங்க நின்னுதான் படிச்சேன்.
நேரத்தை எப்படிச் சேமிக்கிறதுன்னு."

அவ்வளவுதான். நன்றிகூடச் சொல்லவில்லை.
பையன்கள் சிரிப்பார்கள் என்று பார்த்தேன்.
தருணேஷ் பேனா மூடியைக்
கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.
வாசலில் தலைமை ஆசிரியர், கையில் டீ.
எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார்,
தெரியாது. டீயில் ஆடை படிந்திருந்தது.

கரண்ட் வந்தது. மில் வந்தது. உமி வந்தது.
மிஸ் மார்க் தாளை நான் எட்டிப் பார்த்தேன்.
கண்ணைப் பார்த்துப் பேசுதல்: ஐந்துக்கு ஒன்று,
அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
முடிவுரை: ஒரு கோடு.
குரல் என்ற கட்டத்தில்
பேனாவை ஊன்றியபடி
மிஸ் வெகுநேரம் எதுவும் எழுதவில்லை.

திங்கட்கிழமை
செய்தித்தாளில் சுற்றி ஒரு தாழ்ப்பாள் வந்தது,
புத்தம் புதுசு.
திருகாணி வரவில்லை.
புதன்கிழமையும் வரவில்லை.
அவள் உள்ளே போகையில் இப்போது நான் பிடிக்கிறேன்.
என் கை அவ்வளவு நீளமில்லை,
சாய்ந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை என் முறை.
டப்பாவில் மழைநீர் சேகரிப்பு வரலாம்,
செல்போன் நன்மையா தீமையா வரலாம்,
எத்தனை 'வந்து' வேண்டுமானாலும் வரட்டும்.
இரண்டு நிமிடம் இருக்கிறது.
திருகாணி நாலு, முக்கால் இஞ்சு.
மில் ஓடினாலும்.