என் பெயர் ஈரமாக வரும்

யாழ்மொழி என்று வைத்தபோது
யாருக்கும் தெரியாது.
எட்டு மாதம் கழித்து
ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில்
கிலுகிலுப்பையை ஆட்டி ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது என் பெயர்
முழங்காலுக்குப் பின்னால் ஒட்டும் ஓர் ஈரமூக்கு.
யாராவது கூப்பிட்டால் பூந்தி வந்து முட்டுவான்,
திரும்பி நடப்பான், நான் வருகிறேனா என்று
ஒருமுறை பார்த்துக்கொள்வான்.
வாசல் மணி, குக்கர் விசில், காலை அலாரம்.
தீ மணிக்கு மட்டும் எங்கும் கூட்டிப்போக மாட்டான்,
அப்படியே தரையில் படுத்துவிடுவான்.
ஆபத்து இருக்கும் பக்கம்
யாரையும் அழைத்துப் போகாதே என்று பழக்கம்.

ஆகஸ்டில் நாலு காலுக்கும் ரப்பர் உறை மாட்டி
நஹ்தாவில் பஸ்ஸுக்கு நிற்போம்.
லிஃப்ட் திறந்தால் சிலர்
அடுத்ததில் வருகிறோம் என்று கைகாட்டுவார்கள்.
வாட்ச்மேன் ஷபீருல் குனிந்து
அவன் மஞ்சள் மேலங்கியைச் சரிசெய்துவிடுவார்.
வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் தூங்குவான்.
புள்ளியியல் அவனுக்கும் ஏறுவதில்லை.

வெளியே இவ்வளவுதான்.
வீட்டில்தான் சிக்கல்.

சாப்பாட்டு மேசையில் பத்தொன்பது வருஷம்
உதடுகள் ஓடும், சிரிப்பார்கள்,
என்ன என்பேன்.
ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்.
அந்த அப்புறங்களைச் சேர்த்திருந்தால்
ஒரு கன்டெய்னர் நிரப்பிக்
கப்பலில் ஏற்றியிருக்கலாம்.

போன செவ்வாய், இரவு ஒன்றரை.
மூக்கு.
எழுந்தேன். அலாரம் இல்லை. வாசலில் யாருமில்லை.
சமையலறைக் கதவு வரை நடந்து
உட்கார்ந்து ஏறிட்டுப் பார்த்தான்: இங்கே.

ஃபிரிட்ஜில் சாய்ந்து அம்மா.
அப்பா கையில் ஒரு கடிதம்.
இரண்டு வாய்களும் பாதியில் நின்றன.
கூப்பிடவே இல்லையே என்றாள் அம்மா,
முகத்தில் வெளிச்சம் விழும்படி நகர்ந்து, மெதுவாக.

கூப்பிடவில்லை. சொன்னார்கள்.
அந்த வித்தியாசத்தைப் பூந்திக்கு
யாரும் சொல்லித்தரவில்லை.

பிஸ்கட் கொடுத்தேன். நாற்காலியை இழுத்தேன்.
காதால் கேட்பதும் வாயால் கேட்பதும்
தமிழில் ஒரே சொல்.
எனக்கு இரண்டுமில்லை, விரலால் கேட்டேன்:
வேலை போகிறதா? எப்போது?
என் படிப்பு?
அப்பா கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு
என் பக்கம் நகர்த்தினார்.
விடியும்வரை பேசினோம்,
எல்லா விளக்கும் போட்டு.

அதற்கப்புறம் வீட்டில் என் பெயரை யாரும்
மெதுவாகச் சொல்வதில்லை.
"பெரியவள்" என்கிறார்களாம்.
தம்பி காட்டிக்கொடுத்தான்.
பரவாயில்லை.
மூன்று நாள், அரைப் பொட்டலம் பிஸ்கட்,
சொல்லிச் சொல்லிப் பழக்கத் தம்பியின் வாய்.

நேற்று அத்தையின் வீடியோ அழைப்புக்கு நடுவே
பூந்தி எழுந்து வந்தான்.