பத்துக்கு ஆறு

கோரிப்பாளையத்தில் எனக்கு வேலை
காதுகளைச் சோதிப்பது.
கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து
ஹெட்போனை மாட்டிச் சொல்வேன்:
சத்தம் கேட்டா பொத்தானை அழுத்துங்க,
எவ்வளவு சின்னதா இருந்தாலும்.

நான் எதையும் அனுப்பாதபோதும்
சிலர் அழுத்துவார்கள்.
பொய்யில்லை அது.
கேட்டுவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசை.
தாளின் ஓரத்தில் ஒரு சிறு குறி போட்டுவிட்டு
அடுத்த ஒலிக்குப் போவேன்.

சித்திரை முடிந்து சீட்டுப் பணம் கைக்கு வந்தது,
இரண்டு லட்சத்துச் சொச்சம்.
வீட்டுக்காரர் பாத்ரூமுக்கு டைல்ஸ் என்றார்.
நான் பாட்டு கேட்கப்போகிறேன் என்றேன்.

தல்லாகுளத்தில் யூனுஸின் கடை.
பதினான்கு கிலோவில் ஒரு சிடி பிளேயர்.
தூக்கிப் பாருங்க மேடம் என்றார்,
சந்தையில் மாட்டின் பல்லைக் காட்டுகிறவரைப்போல
அதன் வாயைத் திறந்தார்.
சத்தமே இல்லாமல் நாக்கு வெளியே வந்தது.
நாளெல்லாம் நாக்கு பார்க்கிற ஆஸ்பத்திரி எங்களுடையது.
இத்தனை சுத்தமான நாக்கை
நான் கண்டதில்லை.

எதுக்குக்கா அந்த இரும்பு என்றான் கோவர்த்தன்,
மகாலுக்குப் பின்தெருவில் கம்ப்யூட்டர் பிழைப்பு அவனுக்கு.
பழைய லேப்டாப், சோப்பு டப்பா அளவில் ஒரு டாக்,
ஹார்டு டிஸ்கில் நாலாயிரம் ஆல்பம்.
எல்லாம் ஒண்ணும் சைபரும்தான்.
தட்டுல இருந்தா என்ன,
டப்பாவுல இருந்தா என்ன?

இரண்டு பேருமே
நூற்றுத் தொண்ணூற்றிரண்டாயிரம் என்று ஏதோ ஒரு கணக்கு சொன்னார்கள்.
என் காதின் வரைபடத்தை நானே எடுத்து வைத்திருக்கிறேன்.
வயது நாற்பத்தாறு.
பன்னிரண்டாயிரத்தைத் தாண்டினால்
கோடு படியிறங்கிப் போய்விடுகிறது.
நான் ஏறமுடியாத மாடிகளுக்கும் சேர்த்து
வாடகை கேட்கிறார்கள்.

ஒரு வாரத்துக்கு வைத்துப் பாருங்கள் என்று
யூனுஸ் பெட்டியை வில்லாபுரத்துக்கே அனுப்பினார்.

ஞாயிறு, கத்திரி வெயில்.
விசிறி ஓடினால் இரண்டுமே தோற்கும் என்று
அதை அணைத்தோம்.
பக்கத்து வீட்டு மிக்ஸி ஓயும்வரை காத்திருந்தோம்.
போர்வையைத் திரையாகக் கட்டி
அதற்குப் பின்னால் வீட்டுக்காரர்,
கையில் சுவிட்ச், முதுகெல்லாம் ஈரம்.

பதினோரு நிமிட வயலின்.
எந்த ஊர்க் கச்சேரியோ, தெரியாது.
நான்காவது நிமிடத்தில்
இடதுபக்கமாக ஒருவர் இருமுவார்.
வறட்டு இருமல், இரண்டு தடவை.
தட்டிலும் அதே தொண்டை,
டப்பாவிலும் அதே தொண்டை.
ஆனாலும் சொன்னேன்.
இது தட்டு. இது டப்பா. இது, ம்ம், தட்டு.

பத்துக்கு ஆறு.
காசைச் சுண்டியிருந்தால்
வியர்க்காமலே ஐந்து கிடைத்திருக்கும்.
பாஸ்தானே என்றார் அவர்,
போர்வையால் முகத்தைத் துடைத்தபடி.
எனக்கு
என்னிடம் வரும் அத்தனை பேரின்
கட்டைவிரலும் நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை கோவர்த்தன் வந்தான்,
முகம் கொள்ளாத சிரிப்போடு.
அந்த இருமலை எடுத்துட்டேன்க்கா.
தட்டுல முடியுமா இது? கேளுங்க.

கேட்டேன்.
நான்காவது நிமிடம் வந்தது.
வேகத்தடையைப் பெயர்த்தெடுத்த ரோட்டில் போவதுபோல
வில் நேராகப் போனது.
அந்த இடத்தில்
நாற்காலியின் கையை
என் விரல் அழுத்தியது.
இரண்டு தடவை.

எப்படி என்றான்.
விசிறியைப் போடு என்றேன்.

மறுநாள் காலை பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக
யூனுஸ் கடைப் பையன் வந்து நின்றான்,
கீழே வண்டி உறுமிக்கொண்டிருந்தது.
அது வந்த அட்டைப்பெட்டியைத் தேடணும்,
நாளைக்கு வாப்பா என்றேன்.
கட்டிலுக்கு அடியில்
பாதி வெளியே நீட்டிக்கொண்டு
அது பாட்டுக்குக் கிடந்தது.