கிலோமீற்றருக்குப் பத்து ரூபா

மட்டக்களப்பில் மலை இல்லை.
சுவிஸில் அவன் ஓடப்போகும் பாதையோ
ஆயிரத்தி எண்ணூறு மீற்றர் ஏறுமாம்.
ஆகவே சுகிர்தன் கல்லடிப் பாலத்தில் ஓடினான்,
புதுப்பாலத்தின் அந்தச் சின்ன முதுகில்
ஏறி, இறங்கி, கிறுகி, மறுகாவும் ஏறி.
விடிய நாலரைக்கு
கையால் சுற்றும் என் சைக்கிளை ஓரத்தில் நிறுத்தி
நான் எண்ணினேன்.
நாற்பதாவது தரம் வந்தபோது
"முப்பத்தெட்டு" என்றேன், வேணுமென்று.
மூச்சிருந்தால் ஏசியிருப்பான்.

குளிருக்குப் பழக
ஐஸ் பெக்டரிக்குள் அரை மணித்தியாலம்
மீன்பெட்டி மேல் குந்தியிருந்தான்.
வெளியே வந்தவனில் சூரை மணம்.
"அங்க உன்னப் பூனைதான் துரத்தும் மனே"
என்றார் வாச்சர்.

கொப்பி என்னிடம்.
ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் யார், எவ்வளவு:
மீன் சந்தை செபமாலை, பத்து ரூபா.
காத்தான்குடியில் ஒரு புடைவைக்கடை, ஐம்பது,
பெயர் போடவேண்டாம் என்று.
நாவற்குடா டியூசன் பிள்ளைகள் எல்லாருமாய்
இருபத்தி மூன்றரை.
அந்த அரையை அவர்கள் விட்டுத்தரவில்லை.
எல்லாம் எங்கள் திருத்துமிடத்துக்கு:
பெயாரிங், டயர், டியூப்,
சில்லை நம்பி இருக்கிற நூற்றிப் பதினொரு பேருக்கு.

"உனக்காகவா ஓடுறான்?"
எனக்காக என்றால் நான் ஏன் கணக்கெழுதுறன்.
கால் எப்படிப் போனது என்று கேட்பவர்களுக்கு
மூன்று பதில் வைத்திருக்கிறேன்.
முகத்தைப் பார்த்து ஒன்றைக் கொடுப்பேன்.

ஓட்ட நாளில்
ஒரு நீலப் புள்ளி என் போனில் ஊர்ந்தது.
இருபத்தெட்டில் மெதுவானது.
முப்பத்தாறில் நின்றது.
சார்ஜ் போய்விட்டதாக்கும் என்றிருந்தேன்.
நேரம் முடிந்துவிட்டதாம்.
கயிறு கட்டி மறித்து, நெஞ்சு இலக்கத்தைக் கழற்றி,
கம்பளி போர்த்தி பஸ்ஸில் ஏற்றினார்களாம்.
"மன்னிச்சிரு" என்று எழுதினான்.
நான் ஆறைப் பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

மறுகா வசூல்.
செபமாலை நானூற்றி இருபதை நீட்டினார்.
"முப்பத்தாறுதான் அண்ணே."
"மீன் தப்பினாலும் வல நனைஞ்சதுதானே கா."
பார்மசிக்காரர் சதம் பிசகாமல்
முப்பத்தாறுக்கே பெருக்கித் தந்தார்.
அவரில் கோபமில்லை, கணக்குச் சரி.
டியூசன் பிள்ளைகள் கேட்டார்கள்:
பஸ்ஸில் இறங்கி வந்த தூரமும் சேருமா?

ஆரையம்பதி, கோட்டமுனை, திருப்பெருந்துறை,
ஆளில்லை என்று திரும்பவும் ஆரையம்பதி.
உள்ளங்கையில் பழைய காய்ப்பு வெடித்தது.
எத்தனை கிலோமீற்றர் என்று தெரியாது.
என்னை எண்ண ஓரத்தில் ஒருவரும் நிற்கவில்லை.

இன்று வங்கி.
மடியில் மஞ்சள் பை.
வாசலில் நாலு படி.
"பையத் தாங்க, நான் கொண்டுபோய்க் கட்டிவிடுறன்"
என்கிறார் காவலாளி. நல்ல மனிசன்.
நேற்று வந்திறங்கிய சுகிர்தன்
கறுத்த இரண்டு கால்நகத்தோடு
என் பக்கத்தில் நொண்டிக்கொண்டு நிற்கிறான்.
"தூக்கவா?"
"வேணாம். மனேஜர வெளியில வரச் சொல்லுங்க."

உள்ளே போனவர் இன்னும் வரவில்லை.
வெயில் சில்லுக் கம்பிகளில் ஏறுகிறது.
சுகிர்தன் மேல் படியையே பார்த்துக்கொண்டு
"எத்தின மீற்றர் இருக்கும்?" என்கிறான்.
"முக்கால் வராது" என்கிறேன்,
பையை இறுக்கிப் பிடித்தபடி.