நூறு ஜிபி பூஜ்யம்

இரவு ஒன்று இருபதுக்குச் சரபங்கா நின்றது.
ஆறு அல்ல, அது நின்று நாளாயிற்று.
நான் சொல்வது
கருப்பூர்ப் பால் பண்ணையின் இரண்டாம் மாடியில்
மூன்று இரும்புப் பெட்டிகளுக்குள் ஓடும்
பதினான்கு மெய்நிகர் சர்வர்களில் ஒன்று.
பெயர் வைத்தவள் நான்.
சேர்வராயனில் பிறந்தவை காவிரிக்குப் போவதுபோல
இவை அத்தனையும் ஒரே சேமிப்பகத்துக்குப் போகின்றன என்று
அன்றைக்கு அழகாய்த் தோன்றியது.

ஒரே சேமிப்பகம். அதுதான் வினை.

திரையில் மஞ்சள்கூட இல்லை, நேரே சிவப்பு.
மீதம்: பூஜ்யம் பைட்.
முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டேன், பிறகு சுவிட்சை.
பாதை இரண்டும் உயிரோடிருந்தன.
இருபத்துநாலு வட்டுகளும் பச்சையாய்க் கண்சிமிட்டின,
எங்களுக்கென்ன வந்தது என்பதுபோல.

தப்பு கணக்கில்.
ஆளுக்கு இரண்டு டெராபைட் என்று
பதினான்கு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன்.
கையில் இருந்தது பதினெட்டு.
எல்லோரும் ஒரே நாளில் கேட்கமாட்டார்கள் என்ற
சீட்டுக் கம்பெனி தைரியம்.
அஸ்தம்பட்டியில் அப்படி ஒன்று பூட்டிய காலையில்
ஷட்டருக்கு முன் ரசீதோடு நின்றவள்தான் நானும்.

தோண்டினால், சரபங்காவின் அடியில் ஒரு ஸ்னாப்ஷாட்:
‘அப்டேட்டுக்கு முன் எடுத்தது. நாளை அழிக்கவும்.’
அந்த நாளை போன பங்குனியில்.
வட்டு அங்கேயே உறைந்து கிடக்க,
அதன்பின் வந்த ஒவ்வொரு லிட்டரும்
ஒவ்வொரு கொழுப்பு அளவும்
ஓரமாய் ஒரு துணைக்கோப்பில் ஏறி
அது மூலத்தின் அளவுக்கே பருத்திருந்தது.
சும்மா அழித்துவிட முடியாது, மூலத்தோடு சேர்க்க வேண்டும்.
சேர்க்க இடம் வேண்டும்.
இடம் இல்லாததால்தான் சேர்க்கிறேன்.

போனில் மாதேஸ்வரன் சார்:
“நாலரைக்கு மேச்சேரி கேன் எடைக்கு வந்துடும்மா.
ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?”

பழைய நிறுவல் கோப்புகளைத் துடைத்தேன், நாலு ஜிபி.
‘சோதனை2’ என்று ஒன்று தூங்குகிறது, யாருடையதோ.
யாருடையது என்று தெரியாததை
ராத்திரியில் அழிக்காதே என்பது
பட்டு எழுதிய விதி.

மூன்று மணிக்குக் கண்ணில் பட்டது,
இரண்டு முறை நான் அழிக்கப் போன கோப்பு:
‘தொடாதே_செங்கோடன்’.
நூறு ஜிபி. உள்ளே முழுக்கப் பூஜ்யம்.
சேர்ந்த மூன்றாம் மாதம் அவன் வைத்தது.
“இடத்தை அடைச்சு வெக்கிறேன் மேடம்,
நீங்க வேற யாருக்கும் வாக்குக் குடுக்காம இருக்க.”
வெறுமைக்கு வாடகையா என்று
ஆடிட் கூட்டத்தில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.
ஆறாம் மாதம் ஓசூருக்குப் போய்விட்டான்.
வழியனுப்பு கேக்குக்கு நான் காசு கொடுத்தேனா,
நினைவில்லை.

மற்றவை பாய்ந்து குடித்துவிடும் என்று
திருமணிமுத்தாற்றை அணைத்தேன், வசிஷ்டாவை அணைத்தேன்.
பிறகு அவன் பூஜ்யங்களை அழித்தேன்.
சேர்க்கச் சொன்னேன்.

ஒரு சதவீதம். இரண்டு.
ஜன்னலில் ஏற்காட்டுப் பாதை, ஒற்றை லாரி விளக்கு.
கொண்டை ஊசி இருபது,
வளைவுக்கு ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொண்டேன்.
எட்டில் மறைந்து பதினொன்றில் தெரிந்தது.
அது உச்சி சேர்ந்தபோது இங்கே அறுபத்திரண்டு.
தொண்ணூற்றொன்பதில் நின்றது
இருபத்தாறு நிமிடம்.
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து
உட்கார்ந்திருந்தேன்.

நாலு நாற்பதுக்குச் சரபங்கா ஓடியது.
கீழே எடைக்காரர் முதல் பத்துக் கேனைத்
தாளில் எழுதி வைத்திருந்தார், பேனா மசியோடு.
பதினொன்றாவது திரையில் வந்தது:
மேச்சேரி, கொழுப்பு நாலு புள்ளி ஒன்று.

கிடைத்த இடத்தில் புதிதாய் ஒரு கோப்பு செய்தேன்.
பூஜ்யம் பூஜ்யமாய் நிரம்ப ஒன்பது நிமிடம்.
பெயர் கேட்டது.
பழைய பெயரையே தட்டினேன்.

ஓசூர் நம்பரை எடுத்தேன்.
மணி ஐந்துகூட ஆகவில்லை.
தூங்கட்டும்.